காரைக்குடி வார இறுதி குரூப் 4 பேட்ச்: வரலாற்றுக்குச் சேரலாம், பாலிட்டிக்கு யோசிக்கணும்

காரைக்குடியில் சனி, ஞாயிறு நடக்கும் ஒரு டிஎன்பிஎஸ்சி பயிற்சி மையத்தின் பொது அறிவு வகுப்புகளைப் பற்றிய மதிப்பீடு இது. மையத்தின் பெயரைச் சொல்லவில்லை. இங்கே கண்ட குறை எந்த ஊர் பேட்ச்சிலும் இருக்கலாம். அதைச் சேர்வதற்கு முன்பே கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் பிள்ளைகளுக்கு உதவும்.

குரூப் 4 தாளில் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. தமிழும் திறனறிவும் இங்கே நன்றாகவே நடக்கின்றன, அவற்றைப் பற்றி எழுத அதிகமில்லை. சிக்கல் அந்த 75-ல். ஒரே நிகழ்வுக்கு, ஒரே மக்களுக்கு, ஒரே அரசுக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும் இடங்கள் அதில் நிறைய. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு தரப்பு நிற்கிறது. ஆசிரியர் அதை எப்படிக் கையாளுகிறார் என்பதில் மதிப்பெண்ணும் இருக்கிறது, மாணவரின் மரியாதையும் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். வரலாற்று ஆசிரியரின் 1801 வகுப்பு அருமை. சிவகங்கைச் சீமையில் உட்கார்ந்துகொண்டு மருதுபாண்டியரைப் படிக்கும்போது உணர்ச்சி முந்திக்கொள்ளும். அவர் அதைத் தடுப்பதில்லை, ஆனால் சொற்களைப் பிரித்து வைக்கிறார். போர்டில் மூன்று பத்தி போடுகிறார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எழுதியது ‘பாளையக்காரர் போர்’, ‘கலகக்காரர்கள்’. ஸ்கூல் புக்கில் வருவது ‘கிளர்ச்சி’. பிற்கால ஆய்வாளர்கள் சிலரும் மேடைப் பேச்சாளர்களும் சொல்வது ‘தென்னிந்தியப் புரட்சி’, ‘முதல் விடுதலைப் போர்’. அதற்குக் கீழே யாரும் மறுக்காத செய்திகள்: 1801 ஜூன் 16 திருச்சிப் பிரகடனம், காளையார்கோயில் வீழ்ச்சி, 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டது, சின்ன மருதுவின் மகன் துரைசாமி பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டது. ‘கலகக்காரன்’ என்பது தூக்கில் போட்டவன் வைத்த பெயர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த தேதிக்குப் போகிறார். 1806 வேலூருக்கும் 1857-க்கும் இதே முறைதான். ‘சிப்பாய்க் கலகம்’ என்று கேட்டாலும் ‘பெரும் புரட்சி’ என்று கேட்டாலும் மாணவர் தடுமாற மாட்டார். ஒற்றைப் பெயரோடு படித்தவருக்கு வினாத்தாளில் மற்றொரு பெயர் வந்தால் வேறு ஏதோ நிகழ்வு போலத் தோன்றும். தெரிந்த விடைக்கு ‘விடை தெரியவில்லை’ என்ற E வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வருவதற்கு இது ஒரு காரணம்.

பொருளாதார வகுப்பு இவ்வளவு கவனமாக இல்லை. பர்மாவில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) நடத்திய வட்டித் தொழிலை ‘கந்துவட்டிக் கும்பல்’ என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இதே ஊரில் இன்னும் சிலர் ‘வள்ளல் பரம்பரை’ என்று முடிப்பார்கள். இரண்டுமே தீர்ப்புகள், பாடம் இல்லை. பாடம் என்றால் இதைச் சொல்லியிருக்க வேண்டும்: கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். இடையில் நடந்தது உலகப் பெருமந்தம். நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலம் கடன் கொடுத்தவர் பக்கம் வந்தது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களுக்கு வேண்டியது ஓடும் பணம், வயல் இல்லை. நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கோ அந்த விளக்கத்தால் ஆறுதல் எதுவும் கிடையாது, அங்கே பகை வளர்ந்ததற்கு அதுவே காரணம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். வகுப்பில் வட்டிக்கடை வைத்த குடும்பத்துப் பிள்ளையும் இருக்கும், கடன்பட்ட குடும்பத்துப் பிள்ளையும் இருக்கும். பட்டம் கட்டியதும் ஒன்று குறுகிப்போகிறது, மற்றொன்று பாடத்தை விட்டுவிட்டுக் கைதட்டுகிறது. இருவருமே அந்த 25 சதவீதத்தை எழுதிக்கொள்வதில்லை.

பாலிட்டி, அதாவது அரசியலமைப்புப் பாடம்தான் பெரிய ஏமாற்றம். சனிக்கிழமை ஆசிரியர் ‘மத்திய அரசு’ என்று எழுதுபவரை ‘அடிமை மனம்’ என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் ‘ஒன்றிய அரசு’ என்பவரைப் ‘பிரிவினைவாதி’ என்கிறார். ஒரே ஃபீஸ், ஒரே பெஞ்சு, இரண்டு வசவு. அரசியலமைப்பின் முதல் சட்டப்பிரிவே இந்தியாவை ‘மாநிலங்களின் ஒன்றியம்’ என்கிறது. பகுதி 5-இன் தலைப்பும் ஒன்றியம்தான். அதேசமயம் ‘மத்திய அரசு’ என்பதற்கு 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் பிரிவு 3(8)-இல் வரையறை தருகிறது. நாடாளுமன்றம் இயற்றும் சட்டங்களில் இன்றும் அந்தச் சொல் நடமாடுகிறது. ஆக, இரண்டுமே சட்டத்தில் வேர் உள்ள சொற்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றை இருவருமே விட்டுவிட்டார்கள். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், ‘ஒன்றியம்’ என்ற சொல்லை ஏன் தேர்ந்தார்கள் என்று விளக்கினார். மாநிலங்கள் கூடி ஒப்பந்தம் போட்டு உருவானதல்ல இந்தக் கூட்டாட்சி, எனவே எந்த மாநிலத்துக்கும் பிரிந்துபோகும் உரிமை இல்லை, அதைத் தெளிவாக்கத்தான் இந்தச் சொல் என்றார். இந்த ஒரு செய்தி தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை வசவு செல்லாது. ‘ஒன்றியம்’ என்றாலே மாநிலங்கள் ஒப்பந்தத்தால் கட்டிய தளர்வான கூட்டு என்று சனிக்கிழமை ஆசிரியர் சொன்னதும் செல்லாது. மாநில உரிமைக்கு வாதாட, அதிகாரங்களைப் பங்கிடும் ஏழாவது அட்டவணையும் அதன் பட்டியல்களும் இருக்கின்றன, அங்கே போயிருக்கலாம். குரூப் 1 முதன்மைத் தேர்வில் விரிவாக எழுத வேண்டியவருக்கு இந்தப் பத்தி தங்கம். இங்கே மெட்டீரியலில் அது இல்லை.

சமூகப் பெயர்களில் இன்னும் பொறுப்பு வேண்டும். ‘தலித்’, ‘ஆதிதிராவிடர்’, ‘பட்டியல் சாதியினர்’, ‘அரிசன்’ நான்கையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுகிறார்கள். அவை ஒன்றல்ல. ‘பட்டியல் சாதியினர்’ சட்டப்பிரிவு 341-இன் கீழ் வரும் சட்டப் பெயர். ‘ஆதிதிராவிடர்’ என்பதை 1922-இல் சென்னை மாகாண அரசு ஏற்றது, இன்றைக்கும் மாநிலத் துறையின் பெயரில் அது இருக்கிறது. ‘தலித்’ இயக்கம் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர், மராத்தியிலிருந்து பரவியது. ‘அரிசன்’ காந்தி பரப்பியது, சூட்டப்பட்டவர்களில் பலர் அதை ஏற்கவில்லை. வகுப்பில் அதைப் புழங்கும் பெயராகச் சொல்வதை உடனே நிறுத்த வேண்டும். கலப்பதால் விடையும் தப்பாகும்: 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். சீக்கியர் 1956-லும் பௌத்தர் 1990-லும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவராக மாறியவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். தலித் கிறித்தவர் என்று ஒருவர் தம்மைச் சொல்லிக்கொள்ளலாம். சான்றிதழில் அவர் பட்டியல் சாதியினர் அல்ல. இது இடஒதுக்கீட்டுக் கேள்விகளின் மையம். வகுப்பில் ஒரு வரிகூட வரவில்லை.

ஆசிரியருக்கு அரசியல் கருத்தே கூடாது என்று யாரும் கேட்கவில்லை. ஜெர்மனியில் பாய்டல்ஸ்பாக் என்ற ஊரில் 1976-இல் அரசியல் கல்வி அறிஞர்கள் கூடிப் பேசியதில் உருவான நெறி இதற்கு நல்ல அளவுகோல்: மாணவரைக் கருத்தால் அமுக்காதே, சமூகத்தில் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே காட்டு, மாணவர் தாமே எடைபோடப் பழக்கு. இங்கே வரலாற்று ஆசிரியர் அதைத்தான் செய்கிறார், அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

டெமோ கிளாஸுக்குப் போகும்போது பாலிட்டி வகுப்பையே கேளுங்கள், தமிழ் வகுப்பைக் காட்டி அனுப்பினால் விடாதீர்கள். ‘சார், மத்திய, ஒன்றிய, ரெண்டுல தேர்வுக்கு எதை எழுதணும்?’ என்று கேளுங்கள். சட்டப்பிரிவு எண்ணோடு பதில் வந்தால் சேரலாம். எதிர்க் கருத்துக்காரருக்கு ஒரு பட்டம் வந்தால் எழுந்துவிடலாம். அடுத்து, மெட்டீரியலில் 42-வது திருத்தத்தைப் புரட்டிப் பாருங்கள். 1976-இல் முகவுரையில் ‘சமதர்ம’, ‘மதச்சார்பற்ற’ சொற்கள் சேர்ந்தன என்று இருந்தால் போதும். அதோடு ‘திணிக்கப்பட்டது’ என்றோ ‘மகத்தான’ என்றோ சேர்ந்திருந்தால் எழுதியவர் பாடத்தை விட்டு நகர்ந்துவிட்டார். கூற்று, காரணம் வகைக் கேள்விகளில் இந்த உரிச்சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கும், காரணத்தைத் தேடாமல் மனசு உரிச்சொல்லுக்குப் பதில் சொல்லப் போய்விடும்.

இங்கே ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் வரலாற்று வகுப்பைத் தவறவிடாதீர்கள். பாலிட்டிக்கு ஸ்கூல் புக்கை வரி வரியாகப் படித்து, அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பில் 1, 17, 246, 341 ஆகிய சட்டப்பிரிவுகளை நேரடியாகப் பாருங்கள். நோட்டில் ஒவ்வொரு சர்ச்சைப் பெயருக்கும் அரைப் பக்கம் விட்டு, பெயர், யார் வைத்தது, எந்த ஆண்டு, எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று நிரப்புங்கள். டெஸ்ட் பேட்ச் தாள்களில் விடைக்குறிப்பு ஆசிரியரின் சொல்லை ஒட்டி வந்திருந்தால் அப்போதே புத்தகப் பக்கத்தைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். உண்மையான தேர்வில் உத்தேச விடைக்கு மறுப்பு அனுப்பும்போது நூல் ஆதாரம்தான் கேட்பார்கள், சார் சொன்னார் என்பது செல்லாது.