உமியா, முட்டை ஓடா? எலும்புக்குச் சாரம் கட்ட எது தோது

ஆரணியில் எங்கள் பெரியப்பா வேலை பார்த்த ரைஸ் மில்லுக்குப் பின்னால் ஒரு சாம்பல் மேடு உண்டு. நெல் அவிக்கும் பாய்லருக்கு உமிதான் எரிபொருள்; எரிந்த மிச்சத்தை அங்கே கொட்டுவார்கள். ஆடிக் காற்று அடித்தால் தெருவே கறுத்துவிடும். உமியிலிருந்துகூட எலும்பு வளர உதவும் பொருள் எடுக்கலாம் என்று ஒருமுறை அவரிடம் சொல்லிவைத்தேன். "அப்ப இந்தச் சாம்பல் மொத்தமும் ஆஸ்பத்திரிக்கு ஆவுமாடா?" என்றார். ஆகாது. ஏன் என்று அன்று சொல்லத் தெரியவில்லை.

கட்டடம் எழும்பச் சவுக்குக் கம்பில் சாரம் கட்டுகிறோம் அல்லவா? எலும்பில் பெரிய இடைவெளி விழுந்தால் அங்கேயும் அதே வேலைதான். துளைகள் நிறைந்த ஒரு சாரத்தை வைத்தால் செல்கள் அதில் ஏறி எலும்பைக் கட்டும். கட்டக் கட்ட சாரம் கரைந்து போக வேண்டும். துளை குறைந்தது 100 மைக்ரானாவது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வேண்டும், 300 மைக்ரான் அளவில் இருந்தால் ரத்தக் குழாய்கள் நுழைய வசதி. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனிமம். ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட்டை ஒத்தது அது.

முட்டை ஓட்டில் சுமார் 94 சதவீதம் கால்சியம் கார்பனேட். உள்சவ்வை உரித்து, 900 டிகிரியில் சுட்டால் சுண்ணாம்பு. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு எடுத்தார்களே, அதே சங்கதி. அதோடு பாஸ்பேட் சேர்த்தால் ஹைட்ராக்ஸிஅபடைட். ஏட்டுக் கணக்கில் ஒரு கிலோ கால்சியம் கார்பனேட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கிடைக்கும்; வெளியேறும் கரியமில வாயுவின் எடையைப் பாஸ்பேட் ஈடுகட்டிவிடுகிறது. ஓட்டில் இயல்பாகவே இருக்கும் துளி மக்னீசியம் கூடுதல் லாபம். கவனிக்க வேண்டியது கால்சியத்துக்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம்: அணுக்கணக்கில் 1.67. கால்சியம் மிஞ்சினால் சுண்ணாம்பு தங்கிவிடும், உடம்பின் ஈரம் பட்டதும் சுற்றியுள்ள திசுவைக் காரமாக்கும். இன்னொரு குறை, நன்றாகச் சுட்ட ஹைட்ராக்ஸிஅபடைட் லேசில் கரையாது. வீடு கட்டி முடித்தும் அவிழ்க்காத சாரம் போல வருஷக்கணக்கில் நிற்கும்.

உமி தருவது கால்சியம் அல்ல, மணலில் இருக்கும் சிலிக்கா. 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி, அதை எரித்தால் 4 கிலோ சாம்பல், அதில் பத்தில் ஒன்பது பங்கு வரை சிலிக்கா. சிலிக்காவுக்கு எலும்பில் என்ன வேலை? 1969இல் அமெரிக்க விஞ்ஞானி லாரி ஹெஞ்ச் உருவாக்கிய 45எஸ்5 என்ற கண்ணாடியில் எடைக்கு 45 சதவீதம் சிலிக்காதான். உடல் திரவத்தில் பட்டதும் அதன் மேல் சிலிக்கா ஜெல் படலம் உண்டாகி, அதில் கால்சியம் பாஸ்பேட் படிந்து, எலும்போடு ஒட்டிக்கொள்ளும். கரைவதிலும் ஹைட்ராக்ஸிஅபடைட்டை முந்தும். ஆனால் தனியாகச் சுமை தாங்காது, உடையும்.

பெரியப்பாவின் சாம்பல் தோற்பது இங்கேதான். உமியை முதலில் அமிலத்தில் கழுவிப் பொட்டாசியத்தை நீக்கி, 600, 700 டிகிரியில் நிதானமாக எரித்தால் வெள்ளையான, படிகமாகாத சிலிக்கா வரும். பாய்லரில் கழுவலும் இல்லை, நிதானமும் இல்லை. பொட்டாசியம் உருகிக் கரியைச் சிறைப்பிடிக்கும், அதனால் கறுப்பு. சூடு ஏறிய இடங்களில் சிலிக்கா படிகமாகிவிடும். அந்தத் தூசியைச் சுவாசித்தால் நுரையீரலுக்கே கேடு. வேண்டியது எரியாத உமி, எரிந்த மேடு அல்ல.

ஆம்பூர் பிரியாணிக் கடைகளில் மிஞ்சும் எலும்பை ஏன் விட்டோம் என்பீர்கள். அது ஏற்கெனவே எலும்புக் கனிமம்தான், பாதி வேலை மிச்சம். மாட்டெலும்பு என்றால் பிரியான் நோய் (பைத்திய மாட்டு நோய் வகை) பயம் ஒருபுறம். எந்தப் பிராணி என்று நோயாளியிடம் சொல்ல வேண்டியது மறுபுறம்; சிகிச்சைக்கென்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்திறங்கும் வேலூரில் அது சின்ன விஷயமில்லை. கரும்புச் சக்கையின் செல்லுலோஸைச் சீரணிக்க நம் உடம்பில் என்சைம் கிடையாது, ஆகவே அது எலும்பின் புரத நாரான கொலாஜனுக்கு மாற்றாக யோசிக்க வேண்டிய தனிக் கதை.

எதை எடுத்தாலும் பாலாற்றங்கரைக்காரர்கள் மறக்கக் கூடாத ஒன்று தோல் தொழிற்சாலைக் கழிவு. 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்ன வழக்கு அது. எந்தத் தண்ணீரில் விளைந்த நெல் என்று தெரியாமல் அதன் உமியை உடம்புக்குள் வைக்க நான் துணிய மாட்டேன். குரோமியமும் ஆர்செனிக்கும் சோதித்த பிறகே பேச்சு. தீவனத்தின் கணக்கு தெரிந்த பண்ணை முட்டை அந்த வகையில் கொஞ்சம் நிம்மதி.

தாடையில் பல் பிடுங்கிய குழியை நிரப்ப என்றால் முட்டை ஓட்டுக்கே என் ஓட்டு. சீக்கிரம் ஒட்டிக் கரைய வேண்டிய இடத்துக்கு உமிச் சிலிக்காவில் செய்த கண்ணாடி. ஹைட்ராக்ஸிஅபடைட்டுக்குள் சிலிக்காவின் தனிமமான சிலிக்கானைத் துளி சேர்ப்பதும் உண்டு, அப்போது இரண்டும் ஒரே சாரத்தில்.

போன முறை ஊருக்குப் போனபோது அந்த மில்லில் எரியாத உமி ஒரு மூட்டை கேட்டேன். பாய்லருக்கே பத்தவில்லை என்று விலை சொன்னார்கள். எதிரே இருந்த புரோட்டாக் கடைக்காரர் முட்டை ஓட்டை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்.