அரைத்தாளில் வந்த கருத்துகள்: கணினி வன்பொருள் பாடத்தில் ஒரு நீண்டகால அனுபவம்

செமஸ்டர் முடியும் நேரத்தில் எங்கள் கல்லூரியில் ஒரு கருத்துப் படிவம் வரும். எல்லாம் ஐந்துக்கு எத்தனை என்ற கேள்விகள். ஹால் டிக்கெட் வாங்கும் அவசரத்தில் மாணவர்கள் வரிசையாக நான்கைத் தட்டிவிட்டுப் போவார்கள். அதைப் படித்து எந்தப் பாடத்தையும் திருத்த முடியாது.

ஆகவே சில ஆண்டுகளாக வேறொரு முறையைக் கையாள்கிறேன். ஆய்வகம் முடியும்போது ஆளுக்கு ஓர் அரைத்தாள். பெயர் எழுத வேண்டாம். "இன்று எங்கே சிக்கிக்கொண்டீர்கள்?" என்பது மட்டுமே கேள்வி.

லாஜிக் கேட் (0, 1 உள்ளீடுகளுக்கு ஏற்ப 0 அல்லது 1 தரும் சுற்று) சோதனையில்தான் இதன் பலன் முதலில் தெரிந்தது. "நேண்டு வந்தது, நார் வரவில்லை, ஐசி கெட்டுவிட்டது" என்று தாள் தாளாக வந்தது. ஐசி, அதாவது சிப், நன்றாகவே இருந்தது. நேண்டு கேட்டுகள் உள்ள 7400-இல் முதல் இரண்டு கால்கள் உள்ளீடு, மூன்றாவது வெளியீடு. நார் கேட்டுகள் உள்ள 7402-இல் முதல் காலே வெளியீடு. ஒயர்களை மாற்றாமல் சிப்பை மட்டும் மாற்றிச் செருகினால் விடை எங்கிருந்து வரும்? "ஒயரே கொடுக்கவில்லை, ஆனாலும் 1 காட்டுகிறது" என்று எழுதியவர்களும் உண்டு. 7400 போன்ற டிடிஎல் வகைச் சிப்பில் இணைக்காமல் விட்ட உள்ளீடு 1 போல நடந்துகொள்ளும் என்பதை, எந்த உள்ளீட்டுக்கு எந்த விடை என்று பட்டியலிடும் உண்மை அட்டவணை சொல்வதில்லை.

இப்போது முதல் வாரத்தில் சோதனை கிடையாது, சிப்பின் கால்களை விளக்கும் தரவுத்தாளும் மல்டிமீட்டரும்தான். ஒவ்வொரு பெட்டியிலும் வேண்டுமென்றே ஒரு செத்த சிப் இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் மதிப்பெண். ஆய்வக உதவியாளருக்கு இந்த ஏற்பாடு இன்றுவரை பிடிக்கவில்லை.

"1976-இல் வந்த 8085 நுண்செயலி எதற்கு?" என்பது ஆண்டுதோறும் வரும் கேள்வி. நியாயமானதுதான், ஆனால் பாடத்திட்டம் என் கையில் இல்லை. தாள்களைக் கூர்ந்து படித்தால், அவர்களை வாட்டுவது சிப்பின் வயதல்ல, பயிற்சிக் கிட்டில் ஒவ்வொரு பைட்டாக அழுத்தும் வேலை. எண்ணை ஏற்றும் கட்டளையான 06-க்குப் பதில் 05 அழுத்தினால் பி ரெஜிஸ்டரில் (செயலிக்குள் எண்ணை வைக்கும் சிறு இடம்) எண் ஏறாது, இருப்பதிலிருந்து ஒன்று குறையும். எண்ணாக வைத்த அடுத்த பைட்டும் கட்டளையாக ஓடிவிடும். நினைவகத்துக்கு எண்ணும் கட்டளையும் ஒன்றுதான் என்பதை இதைவிட நன்றாக எந்தக் கரும்பலகையும் காட்டாது. அந்த ஒரு பயிற்சியைக் கிட்டில் வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சிமுலேட்டருக்கு மாற்றிவிட்டேன்.

பைப்லைன் (பல கட்டளைகளை அடுத்தடுத்த நிலைகளில் ஒரே நேரத்தில் ஓட்டும் முறை) பற்றி வந்ததெல்லாம் "வேகமாகப் போகிறீர்கள்" என்பதே. மெதுவாக நடத்தியபோதும் அதே வரி வந்தது. ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டளைத் தொகுப்புக்கான ரிப்ஸ் என்ற இலவச சிமுலேட்டரில், ஃபார்வர்டிங்கும் (ஒரு கட்டளையின் விடையை ரெஜிஸ்டரில் எழுதுமுன்பே அடுத்ததற்குக் கொடுப்பது) மோதலைக் கண்டு நிறுத்தும் ஏற்பாடும் இல்லாத ஐந்து நிலைச் செயலியில் ஒரு சிறு நிரலை ஓட்டிக் காட்டினேன். ரெஜிஸ்டரில் தவறான விடை கண்ணெதிரே விழுந்தது. அவை இரண்டும் உள்ள செயலியில் அதே நிரல் சரியாக ஓடியது. அதன்பின் வேகத்தைப் பற்றிய புகார் வருவது அரிதாகிவிட்டது. சென்னை ஐஐடியின் சக்தி செயலியும் ரிஸ்க்-வி வகைதான் என்றால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்கார்கிறது.

குறைகளும் உண்டு. அறுபது பேர் கொண்ட வகுப்பில் தாள்களைப் படிக்கவே ஒரு மாலை போய்விடும். எது மாறியது, எதை மாற்ற முடியாது என்று அடுத்த வகுப்பின் தொடக்கத்திலேயே சொல்லாவிட்டால், சில வாரங்களில் "ஒன்றுமில்லை" என்று மட்டும் எழுதித் தருவார்கள். கேஷ் (செயலிக்கு அருகிலுள்ள சிறிய, வேகமான நினைவகம்) பாடத்தில் இந்த முறை எடுபடவே இல்லை: எல்லாத் தாளிலும் "புரிந்தது" என்றிருக்கும், வைவாவில் முகவரியின் பகுதிகளான டேகையும் இண்டெக்ஸையும் பிரிக்கத் தெரியாது. சிக்கிக்கொண்டதே தெரியாதவர் எதை எழுதுவார்? அந்த வாரம் மட்டும் கேள்வியை எடுத்துவிட்டு, ஒரு முகவரியைக் கொடுத்து, அது கேஷில் எந்த வரிசையில் போய் அமரும் என்று கணக்குப் போடச் சொல்கிறேன்.