தரையில் இருக்கும் பேலட்டை எடுக்கத் தெரியாத ரோபோவுக்கு 84 லட்சம்: கிடங்கு நடத்துகிறவர்கள் கவனத்துக்கு

கப்பலூரில் எங்கள் குடும்பம் ஒரு கிடங்கு நடத்துகிறது. சோப்பு, பிஸ்கட், தேயிலை என்று சில நிறுவனங்களின் சரக்கை இறக்கி வைத்து, தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை மாவட்ட விநியோகஸ்தர்களுக்கு அனுப்புவது எங்கள் வேலை. சென்ற ஆண்டு பேலட் (சரக்குப் பெட்டிகளை அடுக்கும் பலகைத் தட்டு) சுமக்கும் ஆறு ரோபோ வண்டிகளை வாங்கி ஏமாந்தோம். வரி நீங்கலாக 84 லட்சம் ரூபாய். தகராறு இன்னும் தீரவில்லை என்பதால் விற்றவர்களின் பெயரை எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். திருமங்கலத்திலும் வாடிப்பட்டியிலும் கிடங்கு வைத்திருக்கும் இருவர் இதே மாதிரியான விலைப்புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் யோசனை கேட்டார்கள். இன்னும் எத்தனை பேரிடம் அது போயிருக்கிறதோ.

நான் முதலில் கேட்டது ஒரே ஒரு வண்டி. எங்கள் கிடங்கின் பின்புறம், பேலட்டில் அடுக்கிய சரக்கின் மேல் பிளாஸ்டிக் பிலிம் சுற்றும் இடத்திலிருந்து லாரி மேடை வரை 70 மீட்டர் தூரம். ஒரு ஷிஃப்டில் நூறு முறைக்கு மேல் ஃபோர்க்லிஃப்ட் அந்த வழியில் போகிறது, வெறுமனே திரும்பி வருகிறது. நான்காவது அடுக்கு ரேக்கில் பேலட்டை ஏற்றி இறக்கக் கைதேர்ந்த ஓட்டுநர் வேண்டும். நேராகப் போய்த் திரும்புவதற்கு அவர் எதற்கு? அந்த ஒரு தடத்தில் ஒரு வண்டியை மூன்று மாதம் ஓட்டுவது, சரிப்பட்டால் இரண்டாவதைச் சேர்ப்பது, இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போகின்றனவா என்று பார்ப்பது, எல்லாம் நிலைத்த பிறகு எங்கள் இருப்புக் கணக்கு மென்பொருளோடு இணைப்பது. இதுதான் நான் எழுதிக் கொடுத்த திட்டம்.

விற்பனைக்கு வந்தவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “ஒரு வண்டிக்கு மென்பொருள் செலவு கட்டுபடியாகாது சார். ஆறாக எடுத்தால் 15 சதவீதம் குறைக்கிறோம். சித்திரைத் திருவிழாவுக்கு முன் ஓட வைத்துவிடுவோம்” என்றார். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் எங்கள் பக்கம் சுமைப் பணிக்கு ஆள் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வலிக்கும் இடம் பார்த்துத்தான் அந்தப் பேச்சு. நானும் சம்மதித்தேன். ஆறு வண்டி என்று கையெழுத்திட்ட அன்றே என் திட்டத்தின் உயிர் போய்விட்டது. ஒரு வண்டியாக வந்திருந்தால் மூன்றாம் நாளே உண்மை தெரிந்து திருப்பி அனுப்பியிருப்பேன்.

செயல்விளக்கம் அவர்களுடைய கூடத்தில் நடந்தது. வழவழப்பான பெயின்ட் தரை, ஒரே அளவில் புதுப் பேலட்டுகள். முழங்காலுக்கும் கீழான உயரத்தில் ஒரு தட்டையான வண்டி வந்தது, பேலட்டுக்கு அடியில் நுழைந்தது, தூக்கியது, கொண்டுபோய் வைத்தது. நான் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. அந்தப் பேலட் தரையில் இல்லை. நான்கு கால் இரும்பு ஸ்டாண்டின் மேல் இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், எல்லாமே இங்கேதான் இருக்கிறது. பேலட் சுமக்கும் ரோபோக்களில் பரவலாக விற்பவை இரண்டு வகை. ஒன்று, அடியில் புகுந்து முதுகால் தூக்கும் மேடை வகை. மற்றது, ஃபோர்க்லிஃப்டைப் போல முன்னால் இரண்டு கரங்கள் நீண்ட வகை. பேலட்டில் கரம் நுழையும் இடைவெளி ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான். மேடை வகை வண்டியின் உயரமோ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே தரையில் கிடக்கும் பேலட்டுக்கு அடியில் அதனால் ஒருநாளும் நுழைய முடியாது. யாராவது ஸ்டாண்டின் மேல் தூக்கி வைத்துக் கொடுக்க வேண்டும். கரம் உள்ள வகை தரையிலிருந்து எடுக்கும், ஆனால் விலை அதிகம். அடிப்பக்கம் நான்கு புறமும் பலகை அடித்த பேலட் என்றால் அதுவும் பல நேரம் தடுமாறும். எங்களிடம் இருப்பவை மூன்று அளவுகளில் மரப் பேலட்டுகள், பாதி பலகை பெயர்ந்தவை. இதில் எதையும் அவர்கள் கேட்கவில்லை, எங்கள் பேலட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் நாள் வண்டிகள் இறங்கியதும், 19 வருடமாக எங்களிடம் இருக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தார். “அண்ணே, நான் தூக்கி ஸ்டாண்டில் வைத்தால்தான் இது எடுக்கும் என்றால், தூக்கியதை நானே லாரி மேடையில் கொண்டுபோய் வைத்துவிட மாட்டேனா?” என்று கேட்டார். அதற்கு அந்த நிறுவனத்தின் பொறியாளரிடம் பதில் இல்லை. விலைப்புள்ளியின் நான்காவது பக்கத்தில், “பேலட் தாங்கிகள் வாடிக்கையாளர் பொறுப்பு” என்று ஒரு வரி இருந்தது. தாங்கி என்றால் அந்த இரும்பு ஸ்டாண்டுதான். எங்களுக்கு 120 தாங்கிகள் தேவைப்படும் என்று அன்றைக்குத்தான் சொன்னார்கள். அவற்றுக்குத் தனி விலை.

சரி, 20 தாங்கிகளாவது செய்து ஒரு தடத்தில் ஓட்டிப் பார்ப்போம் என்று உள்ளூர்ப் பட்டறையில் செய்து வாங்கினோம். மேற்குப் பார்த்த லாரி மேடைக் கதவு வழியாக மாலை வெயில் நேராக விழுந்ததும் வண்டியின் லேசர் கண் தடுமாறி அப்படியே நின்றது. பேலட்டில் சுற்றிய பிலிமின் நுனி கொஞ்சம் தொங்கி ஆடினால், எதிரே ஆள் இருப்பதாக நினைத்து நின்றது. கிடங்கில் சரக்கு நிறைந்த நாட்களில் ரேக்குகளுக்கு நடுவே வைஃபை அறுந்து நின்றது. மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே பேட்டரி சூடேறி சார்ஜ் ஏற மறுத்தது. பல லித்தியம் பேட்டரிகளை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மதுரை வெயிலில் அந்தச் சூட்டை எட்டுவது கடினமா? ஒரு ரேக்கை இரண்டு அடி நகர்த்தினோம். வண்டி வழி பார்க்கும் கிடங்கு வரைபடத்தையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும், அதற்கான கடவுச்சொல் எங்களிடம் இல்லை. அவர்கள் ஆள் வர வேண்டும், ஒவ்வொரு வருகைக்கும் கட்டணம். எங்கள் கிடங்கின் வரைபடம், பூட்டு அவர்கள் கையில்.

இவை பணத்தோடு போகிற விஷயங்கள். அடுத்தது அப்படி அல்ல. வண்டி அடிக்கடி நிற்கிறது என்று நான் கத்தியதும், வந்த டெக்னீஷியன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஆளைக் கண்டு நிற்பதற்கான பாதுகாப்பு எல்லையைச் சுருக்கிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை வண்டிகள் நிற்காமல் ஓடின. எங்களுக்கு மகிழ்ச்சி. பதினோரு மணிக்கு, குனிந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவின் கணுக்காலுக்கு ஒரு சாண் தூரத்தில், முக்கால் டன் சோப்பைச் சுமந்தபடி ஒரு வண்டி வந்து நின்றது. அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றே ஆறு வண்டிகளின் சாவிகளையும் எடுத்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். ஓட்டுநரில்லாத இந்த வகை வண்டிகளுக்கென்றே ஐஎஸ்ஓ 3691-4 என்ற பாதுகாப்புத் தரநிலை இருக்கிறது. 2020இல் வந்தது, 2023இல் திருத்தப்பட்டது. அதன்படி சோதித்த சான்றைக் கேட்டேன். வண்டிக்கு அல்ல, சார்ஜருக்கான சிஇ என்ற ஐரோப்பியச் சான்றிதழை அனுப்பி வைத்தார்கள்.

பணம் எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டரோடு 60 சதவீதம், அனுப்பும் முன் 30, ஓடிய பிறகு 10. ஆக எங்கள் தரையில் ஒரு பேலட்கூட நகர்வதற்கு முன் 75 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் அவர்களிடம் போய்விட்டது. எங்களிடம் பிடியாக இருந்தது அந்தப் பத்து சதவீதம் மட்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று வழக்கறிஞரிடம் போனேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார், சுயதொழிலில் பிழைப்பவருக்குத்தான் விலக்கு, உங்களுக்குப் பொருந்தாது என்றார். ஒப்பந்தத்தின் 14ஆம் பிரிவைக் காட்டினார். தகராறு வந்தால் நடுவர் விசாரணை, அதுவும் வட மாநில நகரம் ஒன்றில். ஒவ்வொரு அமர்வுக்கும் ரயிலேறிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ரோபோவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இப்போது வேறொருவரிடமிருந்து கரம் உள்ள வண்டி ஒன்றை மாத வாடகைக்கு எடுத்து அதே 70 மீட்டர் தடத்தில் ஓட்டுகிறோம். வாடகை பேசும் முன் எங்களிடமிருந்த மிக மோசமான பேலட், மிகக் கனமான பேலட், தரையின் விரிசல், மாலை வெயில் எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்தோம். பலகை பெயர்ந்த பேலட்டை அது எடுக்காது என்று அவர் முதலிலேயே சொன்னார். அந்தத் தடத்துக்கு மட்டும் நல்ல பேலட்டுகளைப் பிரித்து வைத்தோம். வரைபடத்தைத் திருத்த எங்கள் மேற்பார்வையாளருக்கே பயிற்சி கொடுத்தார். பாதுகாப்பு எல்லையை மாற்றும் கடவுச்சொல் உறையிலிட்டு என்னிடம் இருக்கிறது. நான் இல்லாமல் யாரும் அதைத் தொட முடியாது. இரண்டாவது வண்டியைப் பற்றித் தீபாவளிச் சரக்கு ஓய்ந்த பிறகுதான் பேச்சு.

விலைப்புள்ளி வாங்கி வைத்திருப்பவர்கள் மூன்று வரிகளைத் தேடிப் பாருங்கள். தாங்கிகள் யார் செலவு, வரைபடத்தின் கடவுச்சொல் யாரிடம், விசாரணை எந்த ஊரில். உங்கள் தரையில் உங்கள் பேலட்டை வைத்து ஒரு வாரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு கப்பலூருக்கு நேரில் வந்தாலும் சரி, என்னுடையதைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டுக் காட்டுகிறேன். ஞாயிறு காலை கிடங்கில்தான் இருப்பேன்.