குழி வெட்டி மண்ணைப் படித்துச் சொன்னார்கள்: ஒரு மண் ஆய்வுச் சேவை பற்றி

ராமநாதபுரம் மாவட்டம் சிக்கலுக்குத் தெற்கே, கடற்கரையிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். வீட்டுக்காரர் கப்பல் வேலையில் இருப்பதால் பதினோரு வருடமாக இரண்டரை ஏக்கரை நானும் அத்தையும்தான் பார்க்கிறோம். ஒன்றரை ஏக்கரில் மானாவாரியாகக் குண்டு மிளகாய், முண்டு என்றும் சொல்வார்கள். மீதி இடத்தில் அறுபது எலுமிச்சை, அதற்கு ஒரு போர். போன சித்திரையில் ராமநாதபுரத்தில் வேளாண்மை படித்த இரண்டு பேர் நடத்தும் மண் ஆய்வுச் சேவையைக் கூப்பிட்டேன். மேல்மண்ணை மட்டும் எடுத்துப் போகாமல், ஆள் இறங்கும் அளவுக்குக் குழி வெட்டி, அடுக்கடுக்காகப் பார்த்து, இது என்ன வகை மண் என்று பெயரோடு எழுதித் தருகிறார்கள். கட்டணம் 2,800 ரூபாய். குழி வெட்டும் கூலி நம்முடையது. எனக்கு இரண்டு ஆள் கூலி ஆனது. கொடுத்த காசுக்கு மேலேயே எனக்குக் கிடைத்தது. இருந்தாலும் சில குறைகள் உண்டு, அதையும் சொல்கிறேன்.

ஏன் கூப்பிட்டேன் என்பதிலிருந்து சொல்ல வேண்டும். எலுமிச்சையில் மூன்று வருடமாகக் கொழுந்து இலை மஞ்சளாகவே வந்தது. நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், நடுவே எல்லாம் வெளிறிப் போகும். பழைய இலையில் அது இல்லை. மிளகாயிலும் மேட்டுப் பக்கம் அதே கதை. மண்வள அட்டை என்னிடம் ஏற்கனவே இருந்தது. கார அமில நிலை (pH) 8.3, உப்பு குறைவு என்று அதில் போட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் 8.3 என்ற எண்ணைப் பார்த்த உடனே, "களர் நிலம்மா, ஜிப்சம் போட்டாத்தான் தேறும்" என்றார். நம்பி இரண்டு வருடம் மூட்டை மூட்டையாகப் போட்டேன். இலை அப்படியேதான் இருந்தது. அந்தப் பணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது, அது மிளகாய் விற்ற பணம்.

மண்வள அட்டையில் பிழை இருந்தது என்று சொல்ல வரவில்லை. 2015-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பன்னிரண்டு விஷயம் பார்க்கிறார்கள்: கார அமில நிலை, மின் கடத்துத் திறன், அங்ககக் கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான். எல்லாமே தேவையானவை. ஆனால் மண்ணில் எத்தனை சதம் சுண்ணாம்பு என்பது அந்தப் பன்னிரண்டில் இல்லை. மாதிரியும் மேலே அரை அடியில் எடுப்பது. எலுமிச்சை வேர் அரை அடியிலா நிற்கிறது?

வந்த தம்பி முதலில் நிலம் முழுக்க நடந்தார். எங்கே வெட்டலாம் என்று முடிவு செய்யவே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். வரப்போரம் வேண்டாம், எருக்குழிப் பக்கம் வேண்டாம், மரத்தடி வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, மஞ்சள் அதிகமாக இருந்த நாலாவது வரிசைக்குப் பக்கத்தில் குச்சி ஊன்றினார். ஐந்தடி ஆழம். கோடைக் காலம், தரை இறுகிக் கிடந்தது. ஆனால் கடப்பாறை பாறையில் மோதவே இல்லை. "நூத்தம்பது சென்டிமீட்டர் வரைக்கும் வேர் இறங்கத் தடை இல்லக்கா, நல்ல ஆழமான மண்ணு" என்று அவர் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பொட்டல், வறண்ட பூமி என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள்.

அப்புறம் குழிக்குள் இறங்கி ஒரு பக்கச் சுவரைக் கத்தியால் சீவினார். நிறம் எங்கே மாறுகிறது என்று ஆணி அடித்துக் குறித்தார். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலால் நாடா மாதிரி தள்ளிப் பார்த்தார். மேல்மண் ஓர் அங்குலம் போவதற்குள் ஒடிந்தது. கீழே போகப் போக நாடா நீண்டது. மணல், வண்டல், களி மூன்றும் கலந்த லோம் வகை மண் இது. கீழே களி கொஞ்சம் கூடுகிறது என்று அர்த்தமாம்.

அதற்கடுத்து நடந்ததுதான் நான் மறக்காதது. ஒரு சின்ன புட்டியிலிருந்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக ஒவ்வொரு அடுக்கிலும் விட்டார். மேல்மண்ணில் காதைக் கிட்டே கொண்டுபோனால் கேட்கிற அளவுக்கு ஒரு மெல்லிய பொரிச்சல். ஒன்றரை அடியில் கண்ணுக்கே குமிழி தெரிந்தது. இரண்டடிக்குக் கீழே சோடா புட்டியைத் திறந்த மாதிரி நுரைத்துக்கொண்டு எழுந்தது. அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும்போது வெளியேறும் கரியமில வாயு அது. அந்த இடத்தில்தான் வெள்ளை வெள்ளையாக, இஞ்சிக் கிழங்கு மாதிரி முடிச்சு முடிச்சாகக் கற்கள் இருந்தன. குழி விளிம்பில் உட்கார்ந்திருந்த அத்தை பார்த்ததும், "இது சுக்கான்ல? எங்க அப்பாரு காலத்துல இதச் சுட்டுத்தான் வீட்டுக்குப் பூசுனாக" என்றார். தம்பி நிமிர்ந்து, "அதேதான் அப்பத்தா" என்றார். எனக்கு அன்றுதான் தெரியும், என் நிலத்துக்குள் சுக்கான் இருப்பது.

கடல் பக்கம் என்பதால் சிப்பி மட்கிய சுண்ணாம்பாக இருக்குமோ என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லி, குழியிலிருந்து அள்ளிய மண்ணைச் சலித்துக் காட்டினார். சிப்பித் துண்டு ஒன்றும் இல்லை. கரையை ஒட்டிய மணலில் சிப்பியும் சங்குத் துண்டுமாக இருக்கும். அது கடல் கொண்டுவந்து போட்டது. இங்கே இருப்பது அந்தந்த இடத்திலேயே உண்டானது. மழைத் தண்ணீர் மேலே இருக்கும் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. அதிக மழை பெய்யும் ஊராக இருந்தால் அப்படியே நிலத்தடி நீரோடு போய்விடும். நம் மாவட்டத்தில் வருடத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்க்கிறது. தண்ணீர் இரண்டு மூன்று அடி இறங்கும், அப்புறம் மாதக்கணக்கில் வெயில். ஈரம் வற்றும்போது கரைந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்துவிடும். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து இந்த முடிச்சுகள் ஆகின்றன.

அறிக்கை பதினாறு நாள் கழித்து வந்தது. பத்து நாள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். நாலு பக்கம். மேல்மண்ணில் சுண்ணாம்பு 6 சதம், 60 முதல் 110 சென்டிமீட்டர் வரை 18 சதம், அதற்குக் கீழே 11 சதம். மாற்றிக்கொள்ளும் சோடியம், அதாவது களித்துகளில் ஒட்டியிருக்கும் சோடியம், 5 சதம்தான். மண் களர் என்று சொல்ல அது 15 சதத்தைத் தாண்ட வேண்டும். ஆக, என் நிலம் களர் இல்லை. சுண்ணாம்பு மட்டும் இருக்கும் மண்ணில் கார நிலை பெரும்பாலும் 8.5-க்குள் நின்றுவிடும், அதைத் தாண்டினால்தான் சோடியத்தைச் சந்தேகிக்க வேண்டும். களர் மண்ணில் ஜிப்சம் போடுவது சோடியத்தைத் துரத்த. துரத்துவதற்குச் சோடியமே இல்லாத இடத்தில் நான் இரண்டு வருடம் கொட்டியிருக்கிறேன். உண்மையிலேயே களர் உள்ள நிலத்துக்கு அது அருமையான மருந்து, அதில் சந்தேகமில்லை. கண்மாய்க்குக் கீழே என் நாத்தனார் நிலத்தில் போட்டுப் பலன் கிடைத்திருக்கிறது.

முதல் பக்கத்தில் மண்ணின் வகைப்பெயர் இருந்தது: ஃபைன் லோமி, மிக்ஸ்டு, ஐசோஹைப்பர்தெர்மிக், டிப்பிக் கால்சியஸ்டெப்ட். படித்ததும் ஒன்றும் புரியவில்லை. போன் போட்டுக் கேட்டேன், தம்பி பொறுமையாக அரை மணி நேரம் பேசினார். பெயரைப் பின்னாலிருந்து பிரித்துப் படிக்க வேண்டுமாம். கடைசியில் உள்ள 'எப்ட்' என்பது இன்செப்டிசால், அதாவது அடுக்குகள் உருவாகத் தொடங்கிய, இன்னும் முதிராத மண். உலக மண்ணையெல்லாம் பன்னிரண்டு பெரும் பிரிவாகப் பிரிக்கும் அமெரிக்க முறையில் இது ஒன்று. அதற்கு முன்னால் உள்ள 'உஸ்ட்', பயிருக்கு ஒரு பருவம் ஈரம் கிடைத்து மீதி நாள் காய்கிற நிலம் என்கிறது. 'கால்சி' என்பது சுண்ணாம்பு அடுக்கு. அந்த அடுக்கு 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், 15 சதத்துக்குக் குறையாத சுண்ணாம்பு இருக்க வேண்டும், கீழ் அடுக்கைவிட 5 சதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. என் குழியில் 18-க்கும் 11-க்கும் வித்தியாசம் 7. ஐசோஹைப்பர்தெர்மிக் என்றால் மண்ணின் சராசரி வெப்பம் 22 டிகிரி அல்லது அதற்கு மேல், கோடைக்கும் குளிருக்கும் வித்தியாசம் 6 டிகிரிக்கும் குறைவு. மார்கழியிலும் போர்வை தேடாத ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்னால் நிற்கும் ஃபைன் லோமி, களி 18 முதல் 35 சதத்துக்குள் என்பதைச் சொல்கிறது.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டுக்காரர் போனில் கேட்டார். என் மஞ்சள் இலைக்குக் காரணம் அந்தப் பெயருக்குள்தான் இருந்தது என்று சொன்னேன். சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, வேர் எடுக்க முடியாத வடிவத்தில் பூட்டிக் கிடக்கிறது. மணிச்சத்தும் அப்படித்தான்: போட்ட டிஏபி உரம் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிவிடுகிறது. யூரியாவை ஈரத் தரையில் மேலாக வீசிவிட்டு வந்தால் அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. அந்த வாடையை எத்தனை நாள் வரப்பில் நின்று முகர்ந்திருக்கிறேன், அது என் பணம் என்று தெரியாமல்.

சொன்னபடி செய்தேன். இரும்பை மண்ணில் போடுவதை விட்டுவிட்டு, பத்து லிட்டர் டேங்குக்கு 50 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) 10 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து, பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை சாயங்காலம் தெளித்தேன். எலுமிச்சையில் அடுத்து வந்த கொழுந்து பச்சையாக வந்தது. மிளகாய்க்குச் சூப்பர் பாஸ்பேட்டைத் தொழுவுரத்தோடு கலந்து ஒரு மாதம் மூடி வைத்து, அப்புறம் சாலில் போட்டேன். யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட், அதுவும் மண்ணுக்குள் மூடி. தெளிப்பு நிரந்தரத் தீர்வு இல்லை, புதுக் கொழுந்து வரும்போது திரும்பத் தேவைப்படும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அங்ககக் கரிமம் 0.34 சதம்தான் என்பதால் ஆடு கிடை போடுவதையும் திரும்ப ஆரம்பித்திருக்கிறோம்.

இன்னொன்றும் சொன்னார்கள். இந்த மாதிரி ஆழமான லோம் மண் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் தண்ணீரைப் பயிருக்காகப் பிடித்து வைக்குமாம். மழை நின்று ஒரு மாதம் கழித்தும் எங்கள் மிளகாய் வாடாமல் நிற்பது எதனால் என்று அத்தைக்கு இப்போது காரணம் தெரியும். 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் விதையைப் பற்றியே பேசினார்கள். மண்ணைப் பற்றியும் இதே அளவுக்குப் பேச வேண்டும் என்பது என் ஆசை.

குறைகள். உரப் பரிந்துரைப் பக்கம் இறவை மிளகாய்க்கு உள்ளது. நான் மானாவாரி என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். கேட்ட பிறகு மாற்றிக் கொடுத்தார்கள். போர்த் தண்ணீரைப் பரிசோதிக்கவில்லை, அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். கடலோரத்தில் தண்ணீரைப் பார்க்காமல் மண்ணை மட்டும் பார்ப்பது பாதி வேலை. இரண்டையும் ஒரே கட்டணத்தில் சேர்க்க வேண்டும். மண் தொடர் எது என்றும் எழுதவில்லை. கோயம்புத்தூர் இருகூரின் பெயரில் இருகூர் தொடர் இருப்பது போல, மண்ணுக்கு முதலில் அதை விவரித்த ஊரின் பெயரை வைப்பார்கள். அதை வைத்துத்தான் பக்கத்து ஊர் அனுபவத்தோடு ஒப்பிட முடியும். அறிக்கையில் இருக்கும் கடினமான சொற்களுக்குத் தமிழில் ஒரு பக்கம் விளக்கம் வைத்தால் என்னைப் போல் எல்லோரும் போன் போட வேண்டியிருக்காது.

கூப்பிட நினைப்பவர்கள் ஆவணிக்குள் கூப்பிடுங்கள். மழை விழுந்துவிட்டால் குழியில் தண்ணீர் நிற்கும், அடுக்கு தெரியாது. குழி வெட்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கமும் கீழ்மண்ணை ஒரு பக்கமுமாகக் கொட்டச் சொல்லுங்கள். மூடும்போது மேல்மண் மேலேயே வர வேண்டும். எங்கள் ஆட்கள் மேல்மண்ணையும் கீழ்மண்ணையும் ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள், அந்த இடத்தில் சுக்கான் மேலே வந்து இப்போதும் வெள்ளையாகத் தெரிகிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் குழிப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். வரும் வைகாசியில் மேட்டுப் பக்க மிளகாய்க் காட்டுக்கு இரண்டாவது குழி சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை போர்த் தண்ணீரையும் சேர்த்து.