எரிமலைப் பெட்டியும் ஒரு கைப்பிடி ரவையும்

புதுச்சேரி நேரு வீதியில் உள்ள கடையொன்றில், ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளுக்காக 650 ரூபாய் கொடுத்து எரிமலைச் சோதனைப் பெட்டியை வாங்கிக் கடலூருக்குக் கொண்டுவந்தேன். சோடா உப்பும் சிட்ரிக் அமிலத் தூளும் சேர்ந்து பிளாஸ்டிக் மலையிலிருந்து பொங்குவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டந்தான். ஆனால் வாயு பொங்கித் தள்ளும் என்பதற்கு மேல் பாறைக் குழம்பைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

பெட்டியில் உருப்படியானவை சாய்பலகையும் இரண்டு குப்பிப் பாகும். ஒரு குப்பியை வெந்நீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்துவிட்டு ஊற்றினால், சூடான பாகு ஓடிவிடுகிறது, குளிர்ந்தது ஊர்கிறது. கையேடு அத்துடன் நின்றுவிடுகிறது. ஹவாய்த் தீவின் பசால்ட் என்னும் வகைக் குழம்பு 1,100 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெளிவந்து ஆறாக ஓடுவதற்கும், ரயோலைட் என்னும் மற்றொரு வகைக் குழம்பு பெரும்பாலும் எரிமலை வாயருகிலேயே குவிந்துவிடுவதற்கும் வெப்பம் மட்டுமே காரணமன்று. பசால்ட்டில் ஏறத்தாழப் பாதியாக இருக்கும் சிலிக்கா (சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம்), ரயோலைட்டில் 70 விழுக்காட்டையும் எட்டுகிறது. சிலிக்கனும் ஆக்சிஜனும் வலையாகப் பின்னிக்கொள்ளும்போது குழம்பின் பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, பல்லாயிரம் மடங்கு உயர்ந்துவிடுகிறது. இதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரி கூட இல்லை. குழம்பு 'தண்ணீரைப் போல ஓடும்' என்று அச்சிட்டிருப்பது அதைவிடப் பெரிய பிழை. நன்றாக ஓடும் பசால்ட்டே தண்ணீரைவிடப் பத்தாயிரம் மடங்குக்குக் குறையாத பாகுநிலை உடையது.

விடுபட்டதை அடுக்களையில் ஈடுசெய்தோம். மிஞ்சிய பாகில் ஒரு கைப்பிடி ரவையைக் கலந்து பலகையில் வைத்தபோது, சற்றுச் சாய்த்தும் அது அசையவில்லை. மேலும் உயர்த்தியபின் திடீரென மொத்தமாக நகர்ந்தது. குளிரும் குழம்புக்குள் படிகங்கள் பெருகும்போதும் இதுவே நிகழ்கிறது. நகரத் தொடங்குவதற்கே ஒரு குறைந்தபட்ச விசை தேவைப்படுவதால், சரிவிலும் குழம்பு தடித்த விளிம்போடு நின்றுவிடக்கூடும். பாஹோயிஹோயி எனப்படும் வழவழப்பாக ஓடும் குழம்பு குளிர்ந்து, சரிவில் இழுபட்டு, ஆஆ எனப்படும் கரடுமுரடான குழம்பாக மாறுவதும் இப்படித்தான். பாகு பதம் தப்பினால் அதிரசம் கெடும் என்று அருகிலிருந்த என் தாயார் சொன்னார். அவர் காட்டியதும் பாகுநிலையைத்தான்.

பெட்டியில் உள்ள சாயம் கையில் ஒட்டினால் இரண்டு நாள் போகாது. ஒரு குப்பியின் மூடி வழியிலேயே கசிந்துவிட்டது. சாய்வை அளக்கப் பெட்டியில் எதுவும் இல்லாததால் மகளின் கோணமானியை எடுத்துக்கொண்டோம். பலகையை மட்டும் தனியாக விற்றால் வாங்கலாம். இந்த விலைக்கு முழுப் பெட்டியையும் பரிந்துரைக்க மாட்டேன்.