போல்காடாட் ஓப்பன்கவ்: வாக்குப் போடுவது முதல் பணம் கைக்கு வருவது வரை

போல்காடாட் என்ற பிளாக்செயின் வலைப்பின்னலில், அதன் நாணயமான டாட்டை வைத்திருப்பவர்களே வாக்களித்து முடிவெடுக்கும் ஓப்பன்கவ் என்ற ஆளுகை முறை 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வலைப்பின்னலின் பொது நிதியான கருவூலப் பணத்தை 13 பேர் கொண்ட கவுன்சில் கவனித்துக்கொண்டது. கவுன்சில் கலைக்கப்பட்டு, யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற முடிவு டாட் வைத்திருக்கும் எல்லோர் கைக்கும் வந்தது. இத்தனை காலப் புழக்கத்தில் ஒன்று தெளிவாகியிருக்கிறது. வாக்கெடுப்பு இயந்திரம் நன்றாகவே ஓடுகிறது. ஆட்கள் அடிபடுவது வாக்குக்கு முன்னால் முன்மொழிவைக் கட்டும்போதும், வாக்குக்குப் பின்னால் பணத்தை வாங்கும்போதும்தான்.

முதலில் வாக்கு. பூட்டு என்பது வாக்களித்த டாட்டைக் குறித்த காலம் வேறெங்கும் அனுப்ப முடியாமல் வைப்பது. பூட்டே போடாமல் வாக்களித்தால் உங்கள் டாட்டுக்கு 0.1 மடங்கு எடைதான். 7 நாள் பூட்டினால் 1 மடங்கு, 14 நாளுக்கு 2, 28 நாளுக்கு 3, 56 நாளுக்கு 4, 112 நாளுக்கு 5, 224 நாளுக்கு 6. அதாவது 1,000 டாட்டைப் பூட்டாமல் போட்டால் 100 வாக்கு, 224 நாள் பூட்டினால் 6,000 வாக்கு. புதிதாக வருபவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்து ஒதுங்குகிறார்கள். பயம் தேவையில்லை. ஒரே டாட்டை வைத்து ஒரே நேரத்தில் எத்தனை வாக்கெடுப்பிலும் கலந்துகொள்ளலாம். பூட்டுகள் கூட்டப்படுவதில்லை, எது நீளமோ அதுவே செல்லும். ஸ்டேக்கிங்கில் (வலைப்பின்னலின் பாதுகாப்புக்கு ஈடாக வைத்து வெகுமதி பெறுவதில்) இருக்கும் டாட்டாலும் வாக்களிக்கலாம். வாக்கெடுப்பு முடிந்தபின் பூட்டு தொடர்வது உங்கள் பக்கம் வென்றால் மட்டுமே. தோற்ற பக்கத்தில் நின்றவர் உடனே எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: காலம் முடிந்தாலும் பூட்டு தானாகத் திறக்காது. பழைய வாக்கை நீக்கி, பிறகு விடுவிக்கும் கட்டளையையும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

வாக்களிக்க நேரமில்லாதவர்கள் ஒவ்வொரு தடத்துக்கும், அதாவது ஒவ்வொரு வகை முன்மொழிவுக்கும், ஒவ்வொரு பிரதிநிதியை வைத்துக்கொள்ளலாம். தொழில்நுட்ப மாற்றங்களுக்கு ஒருவர், சிறு செலவுகளுக்கு இன்னொருவர். இந்த முறையின் மிக நல்ல அம்சம் இது. ஆனால் ஒரு தடத்தை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால், அதைத் திரும்பப் பெறும்வரை அங்கே நீங்கள் நேரடியாக வாக்களிக்க முடியாது.

நடுநிலை வாக்கைப் பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. தேர்ச்சிக்கு இரண்டு அளவுகோல்கள்: ஒப்புதல், ஆதரவு. ஒப்புதல் என்பது ஆம், இல்லை இரண்டுக்கும் இடையிலான விகிதம், இதில் பூட்டின் எடை சேரும். ஆதரவு என்பது மொத்த டாட்டில் எவ்வளவு ஆம் அல்லது நடுநிலை என்று வாக்களித்தது என்பது, இதில் பூட்டு கணக்கில் வராது. நடுநிலை வாக்கு ஆதரவுக் கணக்கில் சேரும். ஆகவே முன்மொழிவு பிடிக்கவில்லை, ஆனால் எதிர்க்கவும் மனமில்லை என்று நடுநிலை போடுபவர், ஆதரவு போதாமல் தடுமாறும் முன்மொழிவைக் கரையேற்றிவிடவும் கூடும்.

இனி பணம் கேட்பவர் பக்கம். தொகைக்கேற்ற தடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிறு டிப் 250 டாட் வரை, பெரிய டிப் 1,000 வரை. சிறு செலவுத் தடம் 10,000, நடுத்தரம் 1,00,000, பெரியது 10,00,000, அதற்கு மேல் 1 கோடி டாட் வரை பொருளாளர் தடம். முன்மொழிவைப் பதிவுசெய்தால் மட்டும் வாக்கெடுப்பு முடிவுக் கட்டத்துக்குள் போகாது. முடிவு வைப்புத்தொகையையும் கட்ட வேண்டும்: சிறு செலவுக்கு 100 டாட், நடுத்தரத்துக்கு 200, பெரியதுக்கு 400. கையில் அவ்வளவு இல்லையென்றால் வேறு யார் வேண்டுமானாலும் உங்களுக்காகக் கட்டலாம். 14 நாளுக்குள் யாரும் கட்டாவிட்டால் முன்மொழிவு காலாவதி. தோற்றாலும் முடிவு வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும், ஆனால் அதையும் கேட்டு வாங்க வேண்டும். தீங்கானது என்று தனி வாக்கெடுப்பில் கொல்லப்பட்டால் மட்டுமே பறிபோகும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு தசமம்: தொகையை நாணயத்தின் மிகச் சிறிய அலகில் எழுத வேண்டியிருப்பதால் வருவது. டாட்டுக்கு 10 தசம இடங்கள், டாலர் மதிப்பை ஒட்டிய ஸ்டேபிள்காயின்களான யுஎஸ்டிடிக்கும் யுஎஸ்டிசிக்கும் 6. டாட் முன்மொழிவு ஒன்றை நகலெடுத்து நாணயத்தை மட்டும் மாற்றினால், 10,000 மடங்கு அதிகமாகக் கேட்டதாகிவிடும். போல்காடாட்டில் நாணயங்களைக் கையாளும் சங்கிலியான அசெட் ஹப்பில் யுஎஸ்டிடியின் அடையாள எண் 1984, யுஎஸ்டிசியின் எண் 1337. பதிவேற்றும் முன் அழைப்பை (சங்கிலிக்கு அனுப்பும் கட்டளையை) டீகோட் செய்து, அதாவது படிக்கும் வடிவுக்கு மாற்றி, எண், தொகை, பெறுநர் முகவரி மூன்றையும் வேறொருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது தவறு, தடத்தின் உச்சவரம்பை ஒட்டிக் கேட்பது. ஸ்டேபிள்காயினில் கேட்கும் தொகையை அமைப்பு டாட்டாக மாற்றிப் பார்த்துத்தான் வரம்பைச் சோதிக்கிறது. அந்தச் சோதனை நடப்பது நிறைவேற்றும் நேரத்தில். வாக்கில் வென்ற பிறகு, அனுமதி போதவில்லை என்று அழைப்பு விழுந்தால் ஒரு மாத உழைப்பு வீண். ஒரே தொகுப்பு அழைப்பில் சிறு சிறு செலவுகளாகப் பிரித்து வைத்தாலும் தப்ப முடியாது, அவற்றைக் கூட்டித்தான் பார்க்கும். வரம்புக்கு அருகில் இருந்தால் ஒரு படி மேலுள்ள தடத்துக்குப் போய்விடுவது நல்லது.

செலவுத் தடங்களில் முடிவுக் காலம் 28 நாள். தொடக்கத்தில் ஒப்புதல், ஆதரவு இரண்டுக்கும் வாசல் உயரமாக இருக்கும், நாள் போகப் போகத் தாழும். இரண்டையும் தாண்டியதும் உறுதிப்படுத்தும் கடிகாரம் ஓடத் தொடங்கும், அது முடியும்வரை கீழே இறங்காமல் நின்றால் வெற்றி. நடுவில் ஒரு பெரிய எதிர்வாக்கு விழுந்து வாசலுக்குக் கீழே போனால், கடிகாரம் மறுபடி முதலில் இருந்து ஓட வேண்டும். கடைசி நேரத்தில் யாரும் சத்தமில்லாமல் வந்து முடிவைப் புரட்டிவிட முடியாதபடி செய்த ஏற்பாடு இது, நியாயமானதும்கூட.

வென்றாயிற்று. பணம் தானாக வந்துவிடுமா? டாட்டாகக் கேட்ட பழைய வகைச் செலவு 24 நாள் செலவுச் சுழற்சி முடியும்போது வரும். ஸ்டேபிள்காயின் செலவில் அப்படி இல்லை. பட்டுவாடா அழைப்பை யாராவது அனுப்ப வேண்டும், குறித்த கெடுவுக்குள். தவறினால் அனுமதி காலாவதியாகி, மறுபடியும் வாக்கெடுப்புதான். அனுப்பிய பின் நிலையைச் சரிபார்க்கும் அழைப்பையும் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும். கருவூலத்தில் அந்த நாணயம் அப்போது போதாமல் பட்டுவாடா தோல்வியுற்றால், கெடுவுக்குள் மீண்டும் முயலலாம்.

உண்மையான குறை வேறொரு இடத்தில் இருக்கிறது. கொடுத்த பணத்துக்கு வேலை நடந்ததா என்று பார்க்கும் உறுப்பு இந்த இயந்திரத்தில் இல்லை. 2024இன் முதல் அரையாண்டில் கருவூலம் சுமார் 8.7 கோடி டாலர் செலவிட்டதாகவும், அதில் ஏறக்குறைய 3.7 கோடி விளம்பரத்துக்கும் பரப்புரைக்கும் போனதாகவும் அறிக்கை வந்தபோது எழுந்த கோபம் அதனால்தான். இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒரே முன்மொழிவில் தொகையைத் தவணைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தத் தேதிக்குப் பின் செல்லுபடியாகும் என்று குறிக்க முடியும். வேலை நடக்கவில்லையென்றால், மீதித் தவணைகளை இன்னொரு வாக்கெடுப்பில் ரத்து செய்யலாம். முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்கும் முன்மொழிவுக்கு, அது எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், இல்லை என்று போடுவதே சரி. தொடர்ந்து நடக்கும் சிறு வேலைகளுக்குப் பவுண்டி நல்லது: மொத்தத் தொகைக்கு ஒருமுறை வாக்கு, பிறகு பொறுப்பாளர்கள் துணைப் பவுண்டிகளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். பொறுப்பாளர்கள் யார், கணக்கை எங்கே வெளியிடுவார்கள் என்று கேட்காமல் அதற்கும் கை தூக்க வேண்டாம்.

2025 நவம்பரில் ஆளுகை, ஸ்டேக்கிங், கணக்கு இருப்பு எல்லாம் போல்காடாட்டின் மையச் சங்கிலியான ரிலே சங்கிலியில் இருந்து அசெட் ஹப்புக்கு மாறின. பழைய வழிகாட்டிகளில் உள்ள இணைப்பு முகவரிகளும் வைப்புத்தொகை எண்களும் அதற்கு முந்தையவை. வாலட்டில் வாக்குகளோ பூட்டுகளோ தெரியவில்லையென்றால் முதலில் அது எந்தச் சங்கிலியைப் பார்க்கிறது என்று சோதியுங்கள்.