திங்கட்கிழமை வெர்சேல்ஸ் கூட்டிப் போகிறோம் என்றால் பணம் கட்டாதீர்கள்

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து ஐரோப்பா பேக்கேஜுக்குப் பணம் கட்டியிருப்பவர்களும், கட்டலாம் என்று நினைப்பவர்களும் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஏஜென்சி கொடுத்த பயணத் திட்டத்தைக் கையில் எடுத்து, பக்கத்தில் காலண்டரை வைத்துக்கொள்ளுங்கள். எந்த அரண்மனைக்கு எந்தத் தேதி என்று போட்டிருக்கிறது, அது என்ன கிழமை என்று பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. பிரான்ஸின் வெர்சேல்ஸ் அரண்மனைக்கு வாரந்தோறும் திங்கட்கிழமை விடுமுறை. எங்களை அங்கே கூட்டிப்போய் இறக்கியது 2025 மே 19, திங்கட்கிழமை.

எங்களுக்குக் கோபிசெட்டிபாளையம். அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் உலகப்போர் பாடத்தை முப்பது வருடம் நடத்தியிருக்கிறார். போரை முடித்துவைத்த வெர்சேல்ஸ் உடன்படிக்கை, 1919 ஜூன் 28, அந்த அரண்மனையின் கண்ணாடி மண்டபம். அவரிடம் படித்த சிலர் இன்றைக்கும் கடைவீதியில் பார்த்தால் அந்தத் தேதியைச் சொல்லித்தான் வணக்கம் வைக்கிறார்கள். 1871இல் ஜெர்மானியப் பேரரசை அறிவித்ததும் அதே மண்டபத்தில்தான். நாற்பத்தெட்டு வருடம் கழித்து அதே இடத்துக்கு, போரில் தோற்ற ஜெர்மானியர்களை வரவழைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அதுவும் போர் மூளக் காரணமாக சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட அதே ஜூன் 28ஆம் தேதியில். "இடத்தையும் நாளையும் பார்த்து வெச்சதுலயே பாதித் தண்டனை முடிஞ்சுதுடா" என்று வகுப்பில் சொல்வாராம். அந்த மண்டபத்தில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வாயைத் திறந்து கேட்டதில்லை. அம்மாதான் என்னிடம் சொன்னார்.

பயணம் என்றால் அப்பாவுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. வருடா வருடம் ஐம்பது அறுபது பிள்ளைகளைச் சத்தி வழியாக, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி, மைசூருக்குக் கூட்டிப்போவார். அரண்மனை எத்தனை மணிக்குத் திறக்கும், பிள்ளைகளுக்குச் சீட்டு எவ்வளவு, பிருந்தாவனத்தில் எப்போது விளக்குப் போடுவார்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே விசாரித்து நோட்டில் எழுதாமல் பஸ்ஸில் ஏற மாட்டார். இந்தத் தடவையும் நோட்டை எடுத்தார். நான்தான், "அதெல்லாம் டூர்க்காரங்க பார்த்துக்குவாங்கப்பா, நீங்க சும்மா வாங்க" என்று சொல்லித் தடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனது கேட்பதில்லை.

ஏஜென்சி கோவையில் இருக்கிறது. வழக்கு நடப்பதால் பெயர் போடவில்லை. பாரிஸும் சுவிட்சர்லாந்தும் சேர்த்து எட்டு நாள். அப்பா, அம்மா, நான், மனைவி, பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது மகன் என்று ஆறு பேர். அப்பா, அம்மாவுக்கு மட்டும் அப்பா பெயரில் தனி பில், 4,20,000 ரூபாய். வெர்சேல்ஸ் பேக்கேஜில் சேராது, 'ஆப்ஷனல்', பெரியவர்களுக்கு 10,500, பிள்ளைகளுக்கு 8,000 என்றார்கள். மொத்தம் 58,000 ரூபாய். கம்பெனிக் கணக்குக்கு இல்லாமல், அங்கே வேலை செய்கிற ஒருவருடைய போன் நம்பருக்கு ஜிபே செய்யச் சொன்னார்கள். பில் கேட்டதற்கு, "பாரிஸ்ல டூர் மேனேஜர் குடுப்பாருங்க" என்றார்கள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அன்றைக்குக் காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். குளிருக்கு மேலே ஸ்வெட்டர். பத்தரை மணிக்குப் பஸ் நின்றது. குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் பதினான்காம் லூயி சிலையைத் தாண்டிக் கல் பாவிய பெரிய முற்றம். அதன் முடிவில் தங்க முலாம் பூசிய கம்பிக் கதவு. அது சாத்தியிருந்தது. முற்றத்தில் எங்களைப் போல வழிதவறி வந்த ஏழெட்டுப் பேரைத் தவிர ஆளே இல்லை.

டூர் மேனேஜர் போனில் பேசுவதுபோல் சற்றுத் தள்ளிப் போனார். திரும்பி வந்து, "ஐயா, இன்னைக்குத் திடீர்னு ஸ்ட்ரைக்காம். பிரான்ஸ்ல இதெல்லாம் சகஜம்ங்க, நம்ம கையில இல்லீங்க" என்றார். எல்லோரும் நம்பிவிட்டோம். அங்கே ஸ்ட்ரைக் அடிக்கடி வரும் என்று நாமும் செய்தியில் பார்க்கிறோம் அல்லவா? கதவருகே இருந்த பலகையைப் படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் தாத்தாவைக் கூப்பிட்டாள். "அப்பாரு, திங்கட்கிழமை லீவுன்னு போட்டிருக்குதுங்க. எல்லாத் திங்கட்கிழமையும்."

அங்கே நின்ற காவலாளியிடம் நான் போய்க் கேட்டேன். ஸ்ட்ரைக் எதுவும் இல்லை, திங்கள் எப்போதும் மூடல்தான் என்றார். பின்பக்கமுள்ள திரியனான் மாளிகைகளும் அன்று மூடல், தோட்டம் மட்டும் திறந்திருக்கிறது என்றார். திரும்பி வந்து எல்லோருக்கும் சொன்னேன். அப்பா மேனேஜரைப் பார்த்து, சத்தம் போடாமல் ஒன்றே ஒன்று கேட்டார். "ஏனுங்க தம்பி, இது உங்களுக்குத் தெரியாதுங்களா?" அவர் பதில் சொல்லாமல் பஸ் டிரைவரைத் தேடிப் போய்விட்டார்.

எனக்கு அந்த ஸ்ட்ரைக் பொய்தான் பொறுக்கவில்லை. தேதி தவறிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா அங்கேயே மன்னித்திருப்பார்.

பிறகு தோட்டத்துக்கு நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். சுற்றுப்புறம் எல்லாம் சேர்த்து 800 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 2,000 ஏக்கர். அதற்கு நாற்பது நிமிடம்! வாசலில் யாரும் சீட்டு கேட்கவில்லை. நீரூற்றுக் காட்சியும் இசையும் உள்ள நாட்களில்தான் தோட்டத்துக்குக் கட்டணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்ட நாள் இல்லை என்பதால் ஊற்று ஒன்றிலும் தண்ணீர் இல்லை. முழங்கால் வலியோடு அப்பா மேல்தளத்துக் கல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால் லத்தோனா ஊற்றுக்கு அப்பால், 1,670 மீட்டர் நீளத்துக்கு வெட்டிய பெரிய கால்வாய் வெள்ளிக் கோடுபோல் தெரியும்.

எங்கள் வயல் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். அம்மாவுக்குத் தண்ணீரைப் பார்த்தால் அது எங்கிருந்து வருகிறது என்றுதான் கேட்கத் தோன்றும். "இந்த மேட்டுக்கு எப்படீங்க தண்ணி வந்துது?" என்றார். அப்பாவுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. மார்லி என்ற இடத்தில் 1680களில் பதினான்கு ராட்சதச் சக்கரங்களை வைத்து செய்ன் ஆற்றுத் தண்ணீரை மேலே ஏற்றியதைச் சொன்னார். அப்படியும் எல்லா ஊற்றுக்கும் ஒரே நேரத்தில் பத்தவில்லையாம். ராஜா எந்தப் பக்கம் நடந்து வருகிறாரோ அந்தப் பக்கத்து ஊற்றை மட்டும் திறந்துவிட்டு, அவர் தாண்டியதும் மூடிவிடுவார்களாம். திறப்பதற்கும் மூடுவதற்கும் ஆட்கள் ஒருவருக்கொருவர் விசில் அடித்துச் சைகை காட்டுவார்களாம். "அட, நம்ம முறைத்தண்ணிக்கு மடை மாத்தற மாதிரி" என்றார் அம்மா. அந்த நாளில் எங்களுக்குக் கிடைத்த நல்ல நேரம் அந்தப் பத்து நிமிடம்தான். அதற்குள் மேனேஜர் கைதட்டிக் கூப்பிட்டுவிட்டார்.

அப்படி அவசரமாகக் கூப்பிட்டு எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? பாரிஸில் ஒரு சென்ட் கடைக்கு. அங்கே இரண்டேகால் மணி நேரம்! பயணத் திட்டத்தில் அந்தக் கடையே கிடையாது. மறுநாள் விடியற்காலை சுவிட்சர்லாந்துக்குப் பஸ். அப்பா கண்ணாடி மண்டபத்தைப் பார்க்காமலே திரும்பினார். 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள் என்று எங்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

ஊருக்கு வந்து ஆபீசுக்குப் போனேன். "சார், அரண்மனையும் தோட்டமும்னுதானே போட்டிருக்குது? தோட்டத்தைக் காட்டிட்டோம்ல" என்றார்கள். சரி, அரண்மனைச் சீட்டுப் பணம் என்ன ஆனது என்றால் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து அரண்மனையின் இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அரண்மனைக்குள் நுழைவு இலவசம். எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இலவசம்தான். ஆனால் என் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 16,000 வாங்கியிருக்கிறார்கள். பாரிஸிலிருந்து வெர்சேல்ஸ் இருபது கிலோமீட்டர்தான். ஆர்இஆர் சி என்கிற புறநகர் ரயிலில் ஏறினால் கடைசியில் இறங்கிப் பத்து நிமிட நடை. நாங்கள் போன சமயத்தில் ஒரு ஆளுக்கு 2.50 யூரோ. இது முன்பே தெரிந்திருந்தால் வேறொரு நாளில் நாங்களே போயிருப்போம்.

அடுத்ததை ஓய்வூதியக்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள். நாங்கள் கட்டியபோது 5 சதவீதம். அப்பாவிடம் 21,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள். அது அவர்களுடைய பணம் இல்லை. நம்முடைய பான் எண்ணில் அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது நாம் அதைக் கழித்துக்கொள்ளலாம், வரி வராவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கட்டினார்களா என்பது வருமான வரித் துறை தளத்திலுள்ள நம்முடைய 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். ஏப்ரலில் கொடுத்த பணம் செப்டம்பர் வரைக்கும் அதில் ஏறவில்லை. வக்கீல் நோட்டீஸ் போன பிறகு அக்டோபரில் ஏறியது. நோட்டீஸ் அனுப்பாதவர்களுக்கு ஏறியதா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. எங்கள் குழுவில் வந்த முப்பத்தெட்டுப் பேரும் தயவுசெய்து பாருங்கள்.

58,000 இன்னும் வரவில்லை. ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். ஆபீஸ் கோவையில் இருந்தாலும், 2019ஆம் வருடச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கட்டிய பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி என்ற அரசாங்க இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் பாருங்கள், சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வந்துவிடும் என்கிறார் எங்கள் வக்கீல். எங்கள் ஆள் இறங்கவில்லை.

இன்னும் பணம் கட்டாதவர்கள், திட்டத்தில் 'உள்ளே நுழைவுச் சீட்டுடன்' என்று இருக்கிறதா, வெளியே நின்று போட்டோ எடுக்கிற வெறும் 'போட்டோ ஸ்டாப்' என்று இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தனி ஆள் நம்பருக்கு ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். கிழமை விஷயம் வெர்சேல்ஸோடு முடிவதில்லை. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, இஸ்தான்புல் தோப்காபி அரண்மனைக்கும் செவ்வாய்தான். நம் தாஜ்மகாலுக்கு வெள்ளி. வெர்சேல்ஸுக்குச் செவ்வாய்க்கிழமை போனால் லூவ்ர் கூட்டமும் அங்கே வந்து சேர்ந்துவிடும் என்கிறார்கள். வயதானவர்களோடு போகிறவர்கள் புதன், வியாழன் பாருங்கள்.

மே 19 அன்று எங்களோடு வந்த பல்லடம் குடும்பம் எழுத்தில் சாட்சி கொடுத்திருக்கிறது. மற்றவர்களும் கொடுத்தால் புகாருக்குப் பலம். அடுத்த மாதம் விசாரணை. நீங்கள் வர வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. ரசீது, ஜிபே பதிவு, பூட்டிய கதவின் போட்டோ எல்லாவற்றையும் தேதி வரிசையில் தன்னுடைய மைசூர் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார்.